பூட்டிய பானைக்குள் நுழைந்தது யார்?

"டக்."

அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டதும் வாயாடியின் கையிலிருந்த பேனா நழுவி ஈரத் தரையில் விழுந்தது.

"சித்தி," என்றாள் மெல்ல. "நான் வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேனே. அடுப்புல பால் வச்சது ஞாபகம் வந்துடுச்சு."

"நீ குடியிருக்கறது நம்ம ஆபீஸ்ல. அங்க அடுப்பே கிடையாது."

"அதான் பயமா இருக்கு. அடுப்பே இல்லாம பால் எப்படிப் பொங்கும்?"

சித்தி சிரிக்கவில்லை. துப்பறியும் வேலையில் இறங்கிவிட்டால் அவள் முகத்தில் கல் வைத்துக் கட்டினதுபோல ஓர் அழுத்தம் வந்துவிடும். வாயாடியின் அம்மாவுக்கு அவள் கடைசித் தங்கை. உறவில் சித்தியே தவிர, வயதில் வாயாடியைவிட இரண்டு வருஷம் சின்னவள். அந்த இரண்டு வருஷத்தை வாயாடி அவ்வப்போது சொல்லிக் காட்டுவாள். சித்தி காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

பேனாவைக் குனிந்து எடுத்து, கசிந்த முனையைக் காகிதத்தில் துடைத்து, மூடியைப் போட்டாள் வாயாடி. விரல்களில் நீலக்கறை. சுற்றிலும் பார்த்தாள். பெரிய சமையற்கூடம் அது. அலுவலகங்களுக்கும் குழந்தைகள் காப்பகங்களுக்கும் இங்கிருந்துதான் மதியச் சாப்பாடு போகிறது. ஆள் உயரக் கொப்பரைகளிலிருந்து ஆவி கிளம்பிக் கூரையை மறைத்தது. எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளைக் கோட்டு, ரப்பர் பூட்ஸ், தலையில் வலை, வாயில் மாஸ்க். வெளியே தெரிந்ததெல்லாம் கண்கள். அதில் ஏதோ ஒரு ஜோடிக் கண் ஒரு குழந்தையைக் கொல்லப் பார்த்த கண் என்று நினைத்ததும் வாயாடி சித்தியை ஒட்டி நின்றுகொண்டாள்.

"டக். டக்."

ஆவியை விலக்கிக்கொண்டு அண்ணி வந்தாள். மேல்பையில் பேனாவைப்போலச் செருகியிருந்த தெர்மாமீட்டரைப் பெருவிரலால் உறையிலிருந்து தள்ளுவதும் அழுத்துவதுமாக இருந்தாள். கவலை வந்தால் சிலர் நகத்தைக் கடிப்பார்கள். இவளுக்கு இது.

சமையற்கூடம் அவள் புருஷனுக்கும் கொழுந்தனுக்கும் சொந்தம். கொழுந்தன் இங்கே மாஸ்டர். அவன் கூப்பிடுவதைப் பார்த்து எல்லோருக்கும் அவள் அண்ணி ஆகிவிட்டாள். சித்தியைத் தேடி வந்தவளும் அவள்தான்.

"பன்னிரண்டு மணிக்குப் போலீஸ் வராங்க," என்றாள் அண்ணி. "அதுக்குள்ள யாருன்னு நிரூபிச்சுக் குடுங்க. எனக்குத் தெரியும் யாருன்னு. நிரூபிக்கத்தான் முடியல."

"எனக்கு முதல்ல இருந்து சொல்லுங்க," என்றாள் சித்தி.

அண்ணிக்கு ஒரே மகள். ஆறு வயது. வீட்டில் சுண்டெலி என்று கூப்பிடுவார்கள். அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. கடுகளவு உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துக்கொள்ளும். நேற்று மதியம் காப்பகத்தில் இங்கிருந்து போன சூப்பைக் குடித்தவள், கரண்டியைக் கீழே வைக்கும் முன்பே நீலம் பாரித்துப் போனாள். காப்பகமும் ஆஸ்பத்திரியும் பக்கத்துப் பக்கத்தில், இங்கிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்ததால் பிழைத்தாள். இன்னும் அங்கேதான் படுத்திருக்கிறாள், அப்பா துணைக்கு இருக்கிறார். மிச்சமிருந்த சூப்பைப் பரிசோதித்த டாக்டர், கடலையின் சுவடு இருக்கிறது என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

"அடுத்த தடவை மருந்து போடற அவகாசம்கூடக் கிடைக்காதுன்னு சொன்னாரு," என்றாள் அண்ணி. டக்.

"அந்த சூப்பு எங்க செஞ்சது?"

"வாங்க."

கூடத்தின் கோடியில் ஒரு சின்னக் கண்ணாடி அறை. உள்ளே தனி அடுப்பு, தனிக் கரண்டி, நீலப் பட்டை போட்ட பானை. பானையின் மூடியில் பூட்டு! வாயாடி வாயைப் பிளந்தாள்.

"நகைக்கடையில கூடப் பெட்டிக்குத்தான் பூட்டு போடுவாங்க. சூப்புக்குமா?"

"என் மகளுக்கு மட்டும் இல்ல. பால் ஆகாத, முட்டை ஆகாத பிள்ளைங்களுக்கும் இதுலதான் போகுது," என்றாள் அண்ணி. "நான் இங்க கொண்டுவந்த முறையே அதுதான். சமைச்ச பிறகு கெட்டுப்போச்சான்னு மோந்து பாக்கறது இல்ல. எங்கெங்க ஆபத்து நுழையலாம்னு முன்னாடியே கண்டுபிடிச்சு, அங்கங்க காவல் போடணும்."

அவள் காட்டிய பக்கமெல்லாம் சுவரில் மஞ்சள் முக்கோணப் பலகைகள். பச்சை இறைச்சி வந்து இறங்கும் வாசலில் ஒன்று. கொப்பரை வரிசைக்கு மேலே ஒன்று: உள்சூடு ஏறாமல் எதுவும் இறங்கக்கூடாது. குளிர் அறைக் கதவில் ஒன்று. கடலை அரைக்கும் மேடைக்கு மேலே பெரிதாக ஒன்று. கண்ணாடி அறைக் கதவில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒன்று.

"பானைச் சாவி?"

அண்ணி கழுத்துச் சங்கிலியை இழுத்துக் காட்டினாள். "என்கிட்ட மட்டும்."

"இந்தப் பானைக்குள்ள என்னென்ன போகும்?"

"தண்ணி, காய், உப்பு. எல்லாம் இந்த அறையிலேயே பூட்டி வச்சது. கரண்டியும் இதை விட்டு வெளிய போகாது. வேற எதுவும் போகாது."

"வேற எதுவுமே?"

"எதுவுமே. சமைக்கறவங்க கையை முழங்கை வரைக்கும் கழுவி, வேற கோட்டு மாட்டிக்கிட்டுத்தான் நுழையணும். நேத்து சமைச்சது என் கொழுந்தன். இந்த முறை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து என்னோட மல்லுக்கு நிக்கறவன். 'உங்க மஞ்சப் பலகையை எல்லாம் ஒரு நாள் அடுப்புல வைக்கறேன்'னு எல்லார் முன்னாடியும் கத்தினவன். இன்னும் என்ன வேணும்?"

அப்போது கொப்பரைப் பக்கமிருந்து ஒருத்தி, "அண்ணி, கஞ்சி இறக்கலாமா?" என்று கூப்பிட்டாள். அண்ணி போனாள். தெர்மாமீட்டரை உறையிலிருந்து உருவி, நீளக் கம்பியைக் கஞ்சிக்குள் இறக்கி எண்ணைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். பிறகு ஸ்பிரிட் வாசனை அடித்த காகிதத்தால் கம்பியைப் பளபளவென்று துடைத்து உறைக்குள் தள்ளினாள். டக்.

"சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம்," என்று முணுமுணுத்தாள் வாயாடி. "என் பல்லைக்கூட நான் இப்படித் தேய்ச்சதில்ல."

"பக்கத்துல உக்காந்தா தெரியுது. வாயை மூடிக்கிட்டு குளிர் அறைக்குப் போ. கடலை விழுது எங்க வச்சிருக்காங்க, அங்கேர்ந்து கண்ணாடி அறைக்கு வேற வழி இருக்கான்னு பாரு."

"நான் மட்டுமா?"

"குளிர் அறைக்குத் துணைக்கு ஆள் வேணுமா? வயசுல பெரியவ நீதானே?"

இரண்டு வருஷம் பெரியவளாகப் பிறந்ததற்காக முதல் தடவையாக வருத்தப்பட்டுக்கொண்டு வாயாடி போனாள்.

குளிர் அறைக் கதவு அவள் அகலம் தடிமன் இருந்தது. உள்ளே கொக்கிகளில் தோலுரித்த ஆடுகள் வரிசையாகத் தொங்கின. மூச்சு வெள்ளையாக வந்தது. ஒரு கோடியில் சிவப்பு மூடி போட்ட டப்பாக்கள். அதில் கடலை விழுது. வேறு வழி எதுவும் இல்லை. திரும்பினாள்.

கதவு சாத்திக்கொண்டது. விளக்கும் அணைந்தது.

வாயாடிக்கு முதலில் கத்த வேண்டும் என்று தோன்றியது. கத்தினால் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துவிடுமே என்று அடுத்தபடி தோன்றியது. தோளில் ஏதோ சில்லென்று பட்டது. ஆட்டின் கால்தான். "மன்னிச்சுக்கங்க," என்று ஆட்டிடம் சொன்னாள்.

கதவு திறந்தது. வெளிச்சத்துக்கு முன்னால் மலைபோல ஓர் உருவம். கையில் முழங்கை நீளக் கத்தி.

"வெட்டாதீங்க!" என்றாள் வாயாடி. "என்கிட்ட கறியே கிடையாது. எல்லாம் வாய்தான்!"

"ஆடு வெட்ட வந்தேன்மா," என்றான் மாஸ்டர். "இந்தக் கதவு தானா சாத்திக்கும். விளக்கும் அதோட போயிடும். அதோ பச்சையா மின்னுதே, அந்தப் பிடியைத் தள்ளினா உள்ளேர்ந்தே திறக்கும். யாரும் மாட்டிக்கக் கூடாதுன்னு எங்க அண்ணி வச்சது."

"அந்த அண்ணிதான் உங்களைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கப் போறாங்க."

"தெரியும்." கத்தியைப் பலகைமேல் வைத்தான். "ஓடிப் போயிடலாம்னுகூட நினைச்சேன். எங்க போறது? கண்ணை மூடினா சுண்டெலி முகம்தான் வருது. என் தோள்ல படுத்துத் தூங்கி வளர்ந்தது. சித்தப்பா விஷம் வச்சாருன்னு அதுக்குச் சொல்லுவாங்களே, அது நம்புமா நம்பாதான்னு யோசிச்சா உடம்பெல்லாம் நடுங்குது."

"பலகையை அடுப்புல வைப்பேன்னு சொன்னீங்களாமே?"

"கோவம் வராதா? கடலை சாஸ் பதமா வந்திருக்கும். முதல் ஆளா வந்து நிப்பாங்க. கம்பியை விடுவாங்க. 'சூடு பத்தல, திருப்பி ஏத்து'ம்பாங்க. இருபது வருஷம் நெருப்புல வெந்தவனுக்குச் சூடு தெரியாதா? வாய்ல திட்டுவேன். ஆனா செய்வேன்." கைகளை நீட்டினான். தோல் வெடித்து, பாளம் பாளமாகப் பிளந்திருந்தது. "இது சோப்பு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு வந்தது. கண்ணாடி அறைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை கழுவச் சொன்னாங்க. நான் மூணு தடவை கழுவுவேன். எனக்கும் பயம் இருக்காதா?"

வாயாடி சித்தியைத் தேடி ஓடினாள்.

சித்தி கண்ணாடி அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வாயாடி மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். "அவர் இல்ல சித்தி. அந்தக் கையைப் பாத்தா கல்லும் கரையும்."

"கை சாட்சி சொல்லாது. அவர் இல்லன்னா அப்ப யாரு? இந்தக் கண்ணாடி வழியா அறுபது கண்ணு பாத்துட்டு இருக்கு. வெளி ஆள் நுழைய முடியாது. பூட்டு உடையல. காய், உப்பு, தண்ணி மூணையும் டாக்டர் பாத்துட்டாரு. ஒண்ணுத்துலயும் கடலை இல்ல. பானைக்குள்ள மட்டும் இருக்கு. எப்படி?" சித்தி கையை நீட்டினாள். "பேனாவைக் குடு. படம் போட்டுப் பாக்கலாம்."

வாயாடி மூடியைக் கழற்றினாள். "ஐயோ, மறுபடியுமா!" முனை முழுக்க மை. விரல்களில் புதுசாக நீலம்.

"துடைச்சுக் குடுக்கக் கூடாதா?"

"துடைச்சேன் சித்தி! உன் கண்ணு முன்னாடிதானே துடைச்சேன்! துடைச்சு, மூடி போட்டு, கழட்டினா மறுபடியும் மை. இந்தப் பேனாவுல பேய் இருக்கு."

"பேனாவுல ஒண்ணும் இல்ல. முன்ன கசிஞ்ச மை மூடிக்குள்ள தேங்கி இருக்கு. நீ முனையைத்தான் துடைக்கற, மூடியை…"

சித்தி நிறுத்தினாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் வடிந்துபோனதை வாயாடி பார்த்தாள். சித்தி பயந்து வாயாடி அதுவரை பார்த்ததே இல்லை.

டக், என்று கேட்டது பின்னால்.

"அண்ணி," என்றாள் சித்தி, திரும்பாமலே. "பானைக்குள்ள சூடு பாக்க மாட்டீங்களா?"

"பாக்காம எப்படி? சூடு ஏறினாத்தானே கிருமி சாகும். நானே பூட்டைத் திறந்து, நானே பாத்து, நானே பூட்டுவேன்."

"எதால பாப்பீங்க?"

அண்ணி பைக்குள் இருந்ததைத் தொட்டாள். "இதாலதான். ஆனா ஒவ்வொரு தடவையும் துடைக்கறேனே. நீங்களே பாத்தீங்களே."

"குடுங்க."

சித்தி கம்பியை உருவினாள். அது வெள்ளிபோல மின்னியது. அதை ஒதுக்கிவிட்டு உறையைக் கையில் எடுத்தாள். கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, உறையின் அடிவரைக்கும் விட்டுச் சுரண்டி வெளியே இழுத்தாள். பின்னின் நுனியில் பழுப்பாக, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கடலை வாசனை மூன்று பேர் மூக்கிலும் ஏறியது.

"என்னென்ன உள்ள போகும்னு கேட்டேன்," என்றாள் சித்தி மெதுவாக. "எல்லாம் சொன்னீங்க. இதை மட்டும் சொல்லல. பொய் சொல்லணும்னு இல்ல. காவல்காரனை யாருமே கணக்குல சேக்கறது கிடையாது."

அண்ணியின் உதடுகள் அசைந்தன. "நேத்து… கடலை சாஸ்ல கம்பி இருக்கறப்ப காப்பகத்துலேர்ந்து போன். 'அம்மா, எப்ப வருவ'ன்னு அவதான் பேசினா. பேசிக்கிட்டே துடைக்காம உறையில போட்டுட்டேன். ஒரே ஒரு தடவை. ஆனா உடனே ஞாபகம் வந்து எடுத்துத் துடைச்சேன்! ரெண்டு தடவை துடைச்சேன்! ஸ்பிரிட்டுல…"

"ஸ்பிரிட்டுல கிருமி சாகும். கடலை என்ன கிருமியா சாகறதுக்கு? அதைக் கழுவித்தான் எடுக்கணும். கம்பியைத் துடைச்சீங்க. உறையைத் துடைக்கல. துடைச்ச கம்பியை மறுபடியும் அதுக்குள்ளயே போட்டீங்க. அங்கேர்ந்து உருவி நேரா பானையில…"

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்கள் சித்தியைப் பார்க்கவில்லை. வெளிவாசலைப் பார்த்தன.

"இன்னிக்கு நானே சமைச்சேன்," என்றாள். "ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை நம்பல. கொழுந்தனை நம்பல. யாரையுமே விடல. நானே காய் வெட்டி, நானே சூடு பாத்து, இறுக்கி மூடி… இப்பதான் வண்டியில குடுத்தனுப்பினேன்."



"போன் போடுங்க!" என்று கத்தினாள் சித்தி.

அண்ணி போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. "வார்டுல சத்தம் வரக்கூடாதுன்னு அவர் போனை அமுக்கி வச்சிருப்பாரு. நான்தான் சொன்னேன், நான்தான்…"

சித்தி ஆஸ்பத்திரி நம்பரைத் தேடுவதற்குள் வாயாடி ஓடிக்கொண்டிருந்தாள்.

தலையில் வலையும் காலில் ரப்பர் பூட்ஸுமாக ஒரு தெருவைத் தாண்டினாள். ஒரு சைக்கிள்காரர் திட்டினார். இன்னொரு தெரு. நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. இதற்குள் மூடியைத் திறந்திருப்பான். இதற்குள் கரண்டியை எடுத்திருப்பான். ஆஸ்பத்திரி வாசலில் சமையற்கூடத்து வண்டி நின்றது. காலியாக. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி உயிர் போயிற்று. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படிகளில் ஏறினாள். பூட்ஸ் வழுக்கி முழங்கால் பெயர்ந்தது. எழுந்து ஓடினாள்.

கடைசிக் கட்டில். தலையணையில் சாய்ந்து ஒரு சின்ன முகம். பக்கத்தில் ஒரு மனிதன், கையில் திறந்த டப்பா. மறு கையில் கரண்டி. கரண்டி அந்த முகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

குடிக்காதே என்று கத்த வாயைத் திறந்தாள் வாயாடி. சத்தம் வரவில்லை. பிறந்த நாளிலிருந்து ஓயாத நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வெறும் காற்றுதான் வந்தது.

பாய்ந்தாள். கரண்டி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம் பறந்தது. அந்த மனிதனின் சட்டையெல்லாம் சூப்.

"ஏய்! யாரு நீ? பைத்தியமா?"

"அப்பா, நீலக்கை பேய்!" என்று வீரிட்டது குழந்தை.

வாயாடி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். கடைசியில் குரல் கீச்சென்று வந்தது. "குடிச்சாளா? ஒரு வாயாவது குடிச்சாளா?"

"இல்ல… இப்பதான் முதல் வாய். கொதிக்கக் கொதிக்க இருந்துச்சு. ஊதிக்கிட்டே இருந்தேன். ஏன்? என்ன ஆச்சு?"

வாயாடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி அளந்து ஏற்றி இறுக்கி மூடி அனுப்பிய சூடு. வழியெல்லாம் ஆறாமல் வந்து, ஒரு அப்பனை உட்கார்ந்து ஊத வைத்த சூடு. சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் அவளுக்கு உடம்பு குலுங்கியது.

"சூடா எல்லாம் இல்ல," என்றது சுண்டெலி அவளை எட்டிப் பார்த்து. "எனக்கு சூப்பு பிடிக்கல. அதான் சுடுதுன்னு சொன்னேன்."

நர்ஸ்கள் ஓடிவந்து சிந்தியதைத் துடைத்துப் படுக்கையை மாற்றி முடிக்கும்போது சித்தியும் அண்ணியும் வந்து சேர்ந்தார்கள். பின்னால் மாஸ்டர். அண்ணி வார்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். ஓர் அடிகூட உள்ளே வைக்கவில்லை.

"நான் வரல," என்றாள். "என் கோட்டுல என்ன இருக்கோ. என் கையில என்ன இருக்கோ. நான் கிட்ட போனா அவளுக்கு…"

மாஸ்டர் முன்னால் வந்தான். ஒரு நாள் முழுக்கத் தன்னைக் கொலைகாரன் என்றவளை அவன் என்ன சொல்லப் போகிறான் என்று வாயாடி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"கோட்டைக் கழட்டுங்க அண்ணி," என்றான் அவன். "அதோ குழாய். முழங்கை வரைக்கும் சோப்பு போடுங்க. நகத்துக்கடியில தேயுங்க. நான் சொல்றேன், அப்படியே செய்யுங்க. எனக்கு நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

அவள் கழுவினாள். போதும் என்று அவன் சொல்லும்வரை கழுவினாள். அப்போது அவள் போன் அடித்தது. போலீஸ். ஈரக் கையால் எடுத்தாள்.

"ஆள் கிடைச்சாச்சு," என்றாள். "இல்ல, நீங்க வர வேண்டாம். வெளி ஆள் இல்ல. கொழுந்தனும் இல்ல." கொஞ்ச நேரம் எதிர்முனை பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். "நான்தான்," என்றாள்.

பிறகு உள்ளே போய் மகளின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். தலைமாட்டில் உட்காரத் துணிச்சல் வரவில்லை. சுண்டெலி எதுவும் கேட்காமல் அம்மாவின் மடிமேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தூங்கப் போயிற்று.

"கிளம்பலாமா?" என்றாள் சித்தி. "படம் போட வேண்டிய அவசியம் இல்லாம போச்சு. அந்தப் பேனாவைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு."

"மாட்டேன்," என்றாள் வாயாடி. "மூடியைக் கழுவிட்டு வச்சுப்பேன்."

வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அண்ணி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் ஒன்றும் இல்லை. கோட்டும் மேல்பையும் இல்லை. ஆனால் பெருவிரல் மட்டும் ஆள்காட்டி விரலின்மேல் அழுந்துவதும் விடுவதுமாக இருந்தது. சத்தம் எதுவும் வரவில்லை.

ஆனாலும் படியிறங்கித் தெருவுக்கு வரும்வரை வாயாடிக்கு அது கேட்டுக்கொண்டே இருந்தது.

டக்.